மாகாண சபைத் தேர்தல் எந்த இடத்தில் சிக்கிக்கொண்டது?

வத்தளையிலிருந்து ஓர் இளம் ஆசிரியை கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: “எனக்கு வாக்குரிமை கிடைத்த நாளிலிருந்து மேல் மாகாண சபைக்கு ஒருமுறைகூட வாக்களித்ததில்லை. கலப்புத் தேர்தல் முறை மோசமானது என்பதால்தான் தேர்தல் நடக்காமல் இருக்கிறதா? பழைய விகிதாசார முறைக்குத் திரும்பினால் எல்லாம் சரியாகிவிடுமா? கொழும்பில் வாழும் தமிழருக்கு இவற்றில் எது நல்லது?”

மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியவை. ஆனாலும் முதலாவதற்கு நேரடியாகப் பதில் சொல்லிவிட முடியும். உறுப்பினர்களில் ஒரு பகுதியினரைத் தொகுதிவாரியாகவும் மீதிப் பேரைக் கட்சிப் பட்டியலிலிருந்தும் தெரிவுசெய்யும் கலப்பு முறையில் குறைகள் உண்டு. தேர்தல் நிற்பதற்கு அவை காரணமல்ல. 2017ஆம் ஆண்டில் பாராளுமன்றம், கட்சிகளின் வாக்கு வீதத்துக்கேற்ப ஆசனங்களைப் பகிரும் பழைய விகிதாசார முறையைச் சட்டப் புத்தகத்திலிருந்து நீக்கியது. புதிய முறை நடைமுறைக்கு வர வேண்டுமானால் தொகுதிகளின் எல்லைகளை நிர்ணயிக்கும் அறிக்கையொன்று நிறைவேற வேண்டும் என்று விதித்தது. அறிக்கை நிறைவேறாமற்போனால் அதுவரை எந்தச் சட்டத்தின்கீழ் வாக்கெடுப்பது என்பதை எழுதாமல் விட்டது. அந்த எழுதப்படாத ஒரு பிரிவுக்குள்தான் ஒன்பது மாகாண சபைகளும் விழுந்து கிடக்கின்றன. கொழும்பில் பல தேர்தல்களில் வாக்களிப்பு நிலையப் பணியாற்றியவன் என்ற முறையில் சொல்கிறேன்: 2014 மார்ச் 29 அன்று மேல் மாகாண சபைத் தேர்தலுக்காக வாக்குப் பெட்டிகளை முத்திரையிட்டு அனுப்பியபோது, அந்தச் சபைக்கு நாங்கள் நடத்தும் கடைசித் தேர்தலாக அது இத்தனை காலம் நிலைத்துவிடும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்று பதினெட்டு வயதில் முதல் வாக்கை அளித்த பிள்ளை இன்று முப்பது வயதை எட்டிக்கொண்டிருக்கும்.

இந்த நிலை எப்படி வந்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தேர்தல் சீர்திருத்தம் என்ற பெயரில் என்ன செய்ய முடியும் என்பதை நமது நாட்டில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. 1987 ஜூலையில் கைச்சாத்தான இலங்கை – இந்திய ஒப்பந்தத்தைத் தொடர்ந்து, அதே ஆண்டு நவம்பரில், மாகாண சபைகளை உருவாக்கிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தமும் மாகாண சபைகள் சட்டமும் நிறைவேறின. 1988ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் தேர்தல் முறையை வகுத்தது: நிர்வாக மாவட்டத்தை ஓர் அலகாகக் கொண்ட விகிதாசாரப் பிரதிநிதித்துவம், கட்சிப் பட்டியலில் தாம் விரும்பும் வேட்பாளருக்கு இடும் விருப்பு வாக்கு, மாகாணத்தில் முதலாவதாக வரும் கட்சிக்கு இரண்டு போனஸ் ஆசனங்கள். அந்த முறையில்தான் 2013 செப்டெம்பரில் வட மாகாண சபைக்கு முதன்முறையாகத் தேர்தல் நடந்து, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு 38 ஆசனங்களில் 30ஐப் பெற்று, சி. வி. விக்னேஸ்வரன் முதலமைச்சரானார். 2014 செப்டெம்பரில் ஊவாவில் நடந்ததே இன்றுவரை கடைசி மாகாண சபைத் தேர்தல்.

சபைகளின் காலம் ஒரே நாளில் முடிவதில்லை. கிழக்கு, வடமத்தி, சப்ரகமுவ ஆகிய மூன்றும் 2012இல் தெரிவானவை. அவற்றின் ஐந்தாண்டுகள் 2017இல், செப்டெம்பர் முடிந்து ஒக்டோபர் பிறக்கும் வேளையில் நிறைவடைந்தன. முந்திய மகிந்த ராஜபக்ச ஆட்சிக் காலத்தில் இந்தக் கால வேறுபாட்டை ஆளுங்கட்சி தனக்கு வாய்ப்பாகப் பயன்படுத்தியதை மறுக்க முடியாது. 2008, 2009 ஆண்டுகளில் தனக்குச் சாதகமான மாகாணங்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்தல் வைத்து, ஒவ்வொரு வெற்றியையும் அடுத்ததற்கான படிக்கட்டாக்கிக்கொண்டது. ஆகவே எல்லாச் சபைகளுக்கும் ஒரே நாளில் தேர்தல் என்ற யோசனை நியாயமற்றதன்று. 2017இல் அரசாங்கம் கொண்டுவந்த 20ஆம் திருத்தச் சட்டமூலம் அதைத்தான் முன்வைத்தது. ஆனால் அந்த ஒரே நாள் வரும்வரை காலாவதியாகும் சபைகளின் ஆயுளை நீட்டவும் அது இடமளித்தது. மக்களின் வாக்குரிமையைத் தொடும் அத்தகைய மாற்றத்துக்கு மூன்றில் இரண்டு பெரும்பான்மையோடு சர்வசன வாக்கெடுப்பும் தேவை என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்ததும், சட்டமூலம் கைவிடப்பட்டது.

அதே மாதம் நடந்த அடுத்த நிகழ்வுதான் முக்கியமானது. வேட்புமனுக்களில் பெண்களுக்கு 30 வீதம் ஒதுக்குவதற்கான, எவரும் எதிர்க்கத் தயங்கும் நல்ல நோக்கமுடைய சிறிய சட்டமூலமொன்று பாராளுமன்றத்தில் இருந்தது. 2017 செப்டெம்பர் 20 அன்று, சட்டமூலத்தைப் பிரிவு பிரிவாக ஆராயும் குழுநிலை விவாதத்தின்போது, அந்தச் சிறிய சட்டமூலத்துக்குள் தேர்தல் முறை முழுவதையும் மாற்றும் நீண்ட திருத்தங்கள் புகுத்தப்பட்டன. பாதி உறுப்பினர்கள் தொகுதியிலிருந்தும் பாதிப் பேர் விகிதாசாரப் பட்டியலிலிருந்தும் தெரிவாகும் கலப்பு முறை வந்தது. வாக்கெடுப்பில் ஆதரவாக 159, எதிராக 37. நமது அரசியலமைப்பின்படி ஒரு சட்டமூலத்தை நிறைவேறுவதற்கு முன்பே நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும். சபாநாயகர் சான்றுரைத்த பின்னர் அதைக் கேள்விக்குட்படுத்த முடியாது. குழுநிலையில் புகுத்தப்பட்ட திருத்தங்களை எந்தப் பிரசையும் முன்கூட்டிக் கண்டிருக்கவில்லை. கண்டபோது காலம் கடந்திருந்தது. பெண்களுக்கு இடம் கொடுப்பதற்கென்று வந்த சட்டமூலம், ஆண் பெண் என்ற பேதமின்றி எவரும் தெரிவாக முடியாத நிலையை உண்டாக்கியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

பிறகு, முன்னாள் நில அளவையாளர் நாயகம் க. தவலிங்கம் தலைமையில் ஐவர் கொண்ட எல்லை நிர்ணயக் குழு நியமிக்கப்பட்டு, 2018 பெப்ரவரியில் அறிக்கையைக் கையளித்தது. ஓகஸ்ட் 24 அன்று அது பாராளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139 வாக்குகள். ஆதரவாக ஒன்றும் இல்லை. அறிக்கையைச் சபையில் முன்வைத்த விடயப் பொறுப்பமைச்சர் பைசர் முஸ்தபாவே எதிராக வாக்களித்தார். அத்தகைய நிலையில் பிரதமர் தலைமையில் மீளாய்வுக் குழுவொன்று அமைக்கப்பட்டு, இரண்டு மாதங்களுக்குள் சனாதிபதியிடம் அறிக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. குழு அமைக்கப்பட்டது. அந்த இரண்டு மாத முடிவில் சனாதிபதி பிரதமரைத் திடீரென நீக்கியதால் நாடு ஒக்டோபர் 26 அரசியல் நெருக்கடிக்குள் விழுந்தது, அறிக்கை வரவேயில்லை. 2019இல் சனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பழைய முறையிலாவது தேர்தலை நடத்த முடியுமா என்று உயர் நீதிமன்றத்தின் அபிப்பிராயத்தைக் கேட்டார். பழைய சட்டம் நீங்கிவிட்டது, புதிய சட்டத்துக்கு வேண்டிய எல்லைகள் பிரகடனப்படுத்தப்படவில்லை, ஆகவே எந்த வழியிலும் முடியாது என்பதே பதிலின் பொருள். 2019 இறுதிக்குள் ஒன்பது சபைகளும் கலைந்துவிட்டன. மாகாண நிர்வாகம் சனாதிபதி நியமிக்கும் ஆளுநர்களின் கைக்குப் போனது. மாகாணத்துக்குரிய சட்டமான நியதிச்சட்டத்தை இயற்ற எவருமில்லை. மாகாணப் பாடசாலை, மாகாண வைத்தியசாலை, மாகாண வீதி ஆகியவற்றுக்கான பணம் எப்படிச் செலவாகிறது என்று சபையில் எழுந்து கேட்கும் தெரிவான குரல் ஒன்றுமில்லை.

பெரும்பாலான உறுப்பினர்கள் சேர்ந்து ஒரு சட்டத்தை இயற்றுவதும், ஓராண்டுக்குள் ஆதரவாக ஒருவருமின்றி அதே பாராளுமன்றம் அதன் உயிர்நாடியான அறிக்கையைத் தோற்கடிப்பதும் தற்செயலாக நடக்கக்கூடியவையா என்று நீங்கள் கேட்கலாம். சதி என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் நலன்கள் ஒரே திசையில் இருந்தன என்பதைப் பார்க்க ஆதாரம் தேவையில்லை. 2018 பெப்ரவரி 10 உள்ளூராட்சித் தேர்தலில் ஆளுங்கட்சிகள் இரண்டும் பலத்த தோல்வி கண்டிருந்தன. இன்னொரு பரீட்சைக்கு அவை அவசரப்படவில்லை. சிறுபான்மைக் கட்சிகளுக்கு அறிக்கையில் வரையப்பட்ட தொகுதிகள் தம் மக்களின் ஆசனங்களைக் குறைத்துவிடும் என்ற உண்மையான அச்சம் இருந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாக, பாராளுமன்ற உறுப்பினர் ஒருவருக்குத் தன் மாவட்டத்தில் மாகாண சபை உறுப்பினர் நாளைய போட்டியாளர். அந்தப் போட்டியாளர் இல்லாத மாவட்டம் அவருக்கு வசதியானது.

ஆசனத்தில் இருப்பவரிடமே ஆசனத்தை அளக்கும் கோலைக் கொடுத்தால் இது எங்கும் நடக்கும். அமெரிக்காவின் டென்னசி மாநிலச் சட்டமன்றம் 1901இல் வரைந்த தொகுதிப் பங்கீட்டை அறுபது ஆண்டுகள் மாற்றவேயில்லை. மக்கள் கிராமங்களிலிருந்து நகரங்களுக்குப் பெயர்ந்துவிட்டார்கள். ஆனால் மாற்றுவதற்கு வாக்களிக்க வேண்டியவர்கள், மாற்றினால் ஆசனம் இழக்கப்போகிறவர்கள். 1962இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இத்தகைய வழக்கை நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்று தீர்ப்பளித்த பிறகுதான் மாநிலச் சட்டமன்றங்கள் அசையத் தொடங்கின. 2000ஆம் ஆண்டில் அரிசோனா மாநில வாக்காளர்கள் எல்லை வரையும் அதிகாரத்தைச் சட்டமன்றத்திடமிருந்து பறித்துச் சுயாதீன ஆணைக்குழுவொன்றிடம் நேரடி வாக்கெடுப்பின் மூலம் கொடுத்தார்கள். சட்டமன்றம் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போய் 2015இல் தோற்றது. பாக்கு நீரிணையின் மறுகரையிலும் தமிழ்நாட்டு உள்ளாட்சி அமைப்புகளின் காலம் 2016 ஒக்டோபரில் முடிந்தும், இட ஒதுக்கீடு, வார்டு மறுவரையறை என்ற வழக்குகளுக்கிடையே ஊரகத் தேர்தல் பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பருக்கும் நகர்ப்புறத் தேர்தல் 2022 பெப்ரவரிக்கும் தள்ளிப்போனது. ஆனால் அங்கே ஒரு வேறுபாடு உண்டு. காலம் முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்று இந்திய அரசியலமைப்பே கட்டளையிடுவதால், நீதிமன்றம் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருந்தது. நமது மாகாண சபைகளுக்கு அந்தக் கயிற்றை 2017ஆம் ஆண்டுச் சட்டம் அறுத்துவிட்டது.

இனிக் கலப்பு முறையைப் பற்றி. விகிதாசார முறையை வெறுப்பவர்கள் சொல்லும் குறைகள் பொய்யல்ல. மாவட்டம் முழுவதும் விருப்பு வாக்குத் திரட்ட வேண்டியிருப்பதால் பணமுள்ளவரே வேட்பாளராக முடிகிறது. ஒரே பட்டியலில் நிற்பவர்கள் ஒருவரையொருவர் வெட்டுகிறார்கள். என் ஊருக்குப் பொறுப்பான உறுப்பினர் யார் என்று வாக்காளருக்குத் தெரிவதில்லை. ஆனால் தொகுதி முறை எதைக் கொடுத்தது என்பதையும் நமது நாடு ஏற்கெனவே அனுபவித்திருக்கிறது. 1970 பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 37.9 வீத வாக்குகளுக்கு 17 ஆசனங்களையும், ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சி அதைவிடச் சற்றுக் குறைவான வாக்குகளுக்கு 91 ஆசனங்களையும் பெற்றன. 1977இல் கணக்குத் தலைகீழானது: ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஏறத்தாழ 51 வீத வாக்கு, 168இல் 140 ஆசனங்கள், சுமார் 30 வீத வாக்குப் பெற்ற சுதந்திரக் கட்சிக்கு எட்டே ஆசனங்கள். ஒரு பகுதியில் செறிந்து வாழும் மக்களின் கட்சி மட்டும் இந்த முறையில் நட்டப்படவில்லை. வடக்கு கிழக்கிலிருந்து தமிழர் விடுதலைக் கூட்டணி 18 ஆசனங்களோடு வந்து எதிர்க்கட்சியானது. இந்தக் கடைசி விடயம்தான் உங்கள் மூன்றாவது கேள்விக்கான திறவுகோல்.

யாழ்ப்பாணத்துத் தமிழருக்கும் கொழும்புத் தமிழருக்கும் தேர்தல் முறையில் நலன் ஒன்றல்ல. யாழ்ப்பாணத்தில் எந்த முறையிலும் தமிழர் தெரிவாவார். முறை மாறினால் எந்தக் கட்சித் தமிழர் என்பதே மாறும். கொழும்பு மாவட்டத்தில் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, தெகிவளை, அவிசாவளைத் தோட்டப்புறம் என்று நாம் சிதறி வாழ்கிறோம். மாவட்ட விகிதாசாரத்தில் இந்த இடங்களின் வாக்குகள் எல்லாம் எண்ணும் மேசையில் ஒரே குவியலாகச் சேர்ந்து ஓர் ஆசனத்துக்குப் போதுமானதாகலாம். தொகுதி முறையில் அதே வாக்குகள் நான்கு தொகுதிகளில் நான்கு தோல்விகளாக முடியும். உங்கள் வத்தளை கம்பஹா மாவட்டத்தில் இருப்பதால் அங்கே கணக்கு இன்னும் கடினம். மலையகத்துக்கு வெளியே இரத்தினபுரி, கேகாலை, களுத்துறைத் தோட்டங்களில் வாழ்வோருக்கும் இதே கதிதான். கலப்பு முறையின் விகிதாசாரப் பாதி இந்த இழப்பை ஓரளவு ஈடுசெய்யும், முழுவதும் செய்யாது.

தொகுதி முறையிலும் பரிகாரம் தேட முடியாது என்றில்லை. சோல்பரி அரசியலமைப்புக் காலத்தில் (1947–1972) கொழும்பு மத்தி மூன்று உறுப்பினர் தொகுதியாக இருந்தது. 1977இல் நுவரெலியா – மஸ்கெலியா மூன்று உறுப்பினர் தொகுதியிலிருந்து காமினி திசாநாயக்க, அனுர பண்டாரநாயக்க ஆகியோரோடு மூன்றாவது உறுப்பினராகச் சௌமியமூர்த்தி தொண்டமான் தெரிவானார். குடியுரிமைச் சட்டத்தால் வாக்கிழந்த மலையக மக்களிலிருந்து மீண்டும் ஒருவர் தேர்தல் வழியாகப் பாராளுமன்றத்துக்குப் போனது அப்படித்தான். தொகுதியை எத்தனை உறுப்பினருக்காக, எந்த ஊர்களைச் சேர்த்து வரைகிறோம் என்பதில் ஒரு சமூகத்தின் பிரதிநிதித்துவம் தங்கியிருக்கிறது. அதனால்தான், வரைபடத்தைக் காணாமல் தொகுதிக்கு 60 வீதம் பட்டியலுக்கு 40 வீதம் வேண்டாம், 50க்கு 50 கொடுங்கள் என்று 2017இல் நமது கட்சிகள் பேரம் பேசியதை நான் பெரும் பிழையாகக் கருதுகிறேன். தமிழ், முஸ்லிம் கட்சிகளின் வாக்குகளும் அந்த 159இல் அடங்கும். வீதத்தை வென்றார்கள், வரைபடம் யாரிடம், அது வராவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கேட்கவில்லை. பின்னர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் எம். ஏ. சுமந்திரன் பழைய முறைக்குத் திரும்புவதற்கான தனிநபர் சட்டமூலத்தைக் கொண்டுவந்ததை, அந்தப் பிழையை உணர்ந்து திருத்த முயன்றதாகவே எடுத்துக்கொள்கிறேன். அதற்குரிய மதிப்பைக் கொடுக்க வேண்டும்.

கலப்பு முறை நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு உள்ளூராட்சி சபைகள் கண்முன் இருக்கின்றன. அங்கே 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல். ஒரு கட்சிக்கு மொத்த வாக்கின்படி உரிய ஆசனங்களைக் கணித்து, அது வென்ற வட்டாரங்களைக் கழித்து, மீதியைப் பட்டியலிலிருந்து கொடுப்பார்கள். உரியதைவிடக் கூடுதலாக வட்டாரங்களை வென்ற கட்சியிடமிருந்து அவற்றைத் திருப்பி வாங்க முடியாது. சபையின் எண்ணிக்கைதான் கூடும். நாடு முழுவதும் முன்பு நாலாயிரத்து ஐந்நூறை ஒட்டியிருந்த உறுப்பினர் தொகை 2018இல் எட்டாயிரத்தைத் தாண்டியது. 2025 மே 6 தேர்தலில் கொழும்பு மாநகர சபையின் 117 ஆசனங்களில் தேசிய மக்கள் சக்தி 48ஐப் பெற்று, அறுதிப் பெரும்பான்மை இல்லாமல், இரகசிய வாக்கெடுப்பின் மூலம் மேயர் பதவியைப் பெற்றது. வட்டாரத்துக்கு ஓர் உறுப்பினர் என்ற அணுக்கம் உண்மையில் பயனுள்ளது. கொட்டாஞ்சேனையில் வடிகால் அடைத்தால் யாரைத் தேடிப் போவதென்று இப்போது சனத்துக்குத் தெரியும். மாகாண சபையோ சட்டம் இயற்றும் மன்றம். வடிகாலுக்கு வேண்டிய அணுக்கத்தை அதற்கும் அளவுகோலாக்க வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில்: ஆம், பழைய முறைக்குத் திரும்ப வேண்டும், ஆனால் அதைத் தீர்வாகக் கருதாமல், பூட்டைத் திறக்கும் சாவியாகக் கருதித் திரும்ப வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் தேர்தல் முறையை, பெண்களுக்கான வேட்புமனு ஒதுக்கீட்டோடு சேர்த்து, மீண்டும் நடைமுறைக்குக் கொண்டுவரும் ஒரு சிறிய திருத்தச் சட்டம் போதும். 2024 நவம்பர் பொதுத் தேர்தலில் 225இல் 159 ஆசனங்களைப் பெற்ற ஆளுங்கட்சிக்கு எண்ணிக்கை ஒரு தடையே அல்ல. புதிய எல்லை நிர்ணயத்தை முடித்துவிட்டுத்தான் தேர்தல் என்று எவராவது சொன்னால், 2018இல் தொடங்கிய காத்திருப்பை அவர் இன்னொரு முறை தொடங்குகிறார் என்றே நான் கொள்வேன். பணமில்லை என்ற காரணத்தையும் நாம் கேட்டுவிட்டோம். 2023 மார்ச்சில் நடந்திருக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைத் திறைசேரி நிதி விடுவிக்காமல் நிறுத்தியது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

13ஆம் திருத்தமே போதாது, வெறும் சபைக்கு எதற்குத் தேர்தல் என்று நமக்குள் வாதிடுவோரும் உண்டு. அதிகாரம் போதாது என்பதில் எனக்கு அவர்களோடு முரண்பாடில்லை. காணி, பொலிஸ் அதிகாரங்கள் ஏட்டில் இருந்தும் கைக்கு வரவில்லை. ஆனால் வெறுமையான கதிரையிலிருந்து எவரும் கூடுதல் அதிகாரம் கேட்டு வென்றதில்லை. ஆளுநர் ஒருவர் கையொப்பத்தால் மாகாணத்தை நடத்துவது பழகிப்போகும் ஒவ்வோர் ஆண்டும், சபை தேவையில்லை என்போரின் வாதத்துக்கே வலு சேர்க்கிறது.

தெரிவான சபைகள் அமர்ந்த பிறகு, முறையை மாற்ற வேண்டுமா என்பதை அவசரமின்றிப் பேசலாம். அந்தப் பேச்சில் மாகாண சபைகளுக்கும் இடம் இருக்கும். அப்போது வரும் சட்டமூலத்தில் வீதங்களைப் பார்ப்பதற்கு முன் இரண்டு இடங்களைத் தேடிப் பார்க்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒன்று, எல்லை நிர்ணயக் குழுவின் முடிவு யாருடைய வாக்குக்குப் போகிறது என்பது. இந்தியாவில் மறுவரையறை ஆணைக்குழுவின் கட்டளையை நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ திருத்த முடியாது. நமது அரசியலமைப்பிலும் பாராளுமன்றத் தேர்தல் மாவட்டங்களை வகுக்கும் ஆணைக்குழுவின் முடிவு சனாதிபதியின் பிரகடனத்தால் நடைமுறைக்கு வருகிறது. உறுப்பினர்களின் வாக்கெடுப்புக்கு அது போவதில்லை. மாகாண சபைக்கு மட்டும் ஏன் வேறு விதி என்று கேட்க வேண்டும். மற்றையது, சட்டமூலத்தின் இறுதிப் பக்கங்களில் இருக்கும் இடைக்கால ஏற்பாடுகள். “இச்சட்டத்தின்கீழான எல்லைகள் பிரகடனப்படுத்தப்படும்வரை, நடைமுறையிலுள்ள சட்டத்தின்படியே தேர்தல்கள் நடத்தப்படுதல் வேண்டும்” என்ற பொருளில் ஒரு வாக்கியம் அங்கே இருக்க வேண்டும். அது இல்லாத சட்டமூலத்துக்கு, எந்தக் கட்சி கொண்டுவந்தாலும், எத்தனை வீதம் தருவதாகச் சொன்னாலும், கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் நாம் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்கள் கையுயர்த்தக் கூடாது என்று அவர்களுக்கு இப்போதே எழுதிக் கேட்கலாம்.